ஆறு படத்த காட்டி கதை சொல்லுன்னாங்க, பையன் சொல்லல. இதெல்லாம் ஒரு டெஸ்ட்டாங்க?

திருப்பூர்க்காரி:

வணக்கம்ங்க. இத்தன நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்குதான் முதல் தடவையா எழுதறேன், நீளமா போனா திட்டாதீங்க. பையனுக்கு 4 வயசு 10 மாசம், ஜூன்ல யூகேஜி போறான். பேச்சு கொஞ்சம் லேட்டுதான், ரெண்டரை வயசுலதான் ரெண்டு வார்த்தைய சேத்து பேசுனான், ஆனா இப்ப வாய் ஓயாது. பழம், கலர், மிருகம் எல்லாத்துக்கும் பேர் சொல்லுவான், ஜேசிபிக்கும் ஹிட்டாச்சிக்கும் என்ன வித்தியாசம்னு நடுரோட்டுல நின்னு எனக்கு கிளாஸ் எடுப்பான், ரைம்ஸ் ஒரு இருபது மனப்பாடம்.

பிரச்சனை என்னன்னா, நடந்தத சொல்லத் தெரியல. போன மாசம் முட்டில பஞ்சு ஒட்டிக்கிட்டு வந்து நிக்கறான். என்ன கண்ணு ஆச்சுன்னா, “விழுந்துட்டான். அப்பறம் மிஸ்ஸு. தண்ணி. வேன்ல வந்தேன்.” அவ்வளவுதான். யாருடா விழுந்தான்னா மறுபடியும் “விழுந்துட்டான்”ங்கறான். இவன் விழுந்ததத்தான் இப்படி சொல்றான் போலன்னு நினைச்சு மிஸ்ஸுக்கு போன் போட்டா, சறுக்குல மேல இருந்து வந்த இன்னொரு பையன் இவன் மேல விழுந்து, இவன் முட்டி சிமெண்ட்ல தேஞ்சு, மிஸ் தண்ணி ஊத்தி கழுவி விட்டிருக்காங்க. அப்ப பாருங்க, இவன் சொன்னது அத்தனையும் நிஜம், ஆனா எனக்கு ஒண்ணுமே புரியல.

ஸ்கூல்ல சொன்னாங்கன்னு ஒரு பிரைவேட் சென்டருக்கு கூட்டிட்டு போனோம். வார்த்தை சொல்ற டெஸ்ட்ல நல்லாத்தான் பண்ணுனான். அப்புறம் ஆறு படத்த வரிசையா டேபிள் மேல வச்சு இங்கிலீஷ்ல ஸ்டோரி சொல்லுன்னாங்க. இவன் ஒவ்வொண்ணா கை வச்சு “கேட், ட்ரீ, பேர்ட்”னு பேரு மட்டும் சொல்லிட்டு சேர்ல இருந்து இறங்கிட்டான். மொத்தமே நாப்பது நிமிஷம். ரிப்போர்ட்ல கதை சொல்லும் திறன் வயதுக்குக் கீழ், மொழி வளர்ச்சிக் குறைபாடு இருக்க வாய்ப்புன்னு போட்டு வாரம் மூணு நாள் தெரபின்னுட்டாங்க. வீட்டுக்காரர் இது சுத்த யாவாரம்ங்கறார். மாமியார், “கதை சொல்லி என்ன பண்ணப்போறான், வில்லுப்பாட்டா பாடப்போறான்”ங்கறாங்க. எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது.

இத்தன பேரு தெரிஞ்ச பையனுக்கு கதை சொல்லத் தெரியலங்கறது ஒரு குறையா? வீட்ல தமிழ் மட்டும் பேசற பையன இங்கிலீஷ்ல கேட்டது சரியா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடைசிபெஞ்ச் குமார்:

அக்கா டென்ஷன் ஆவாதீங்க. எங்க பெரியம்மா பையன் அஞ்சு வயசு வரைக்கும் ஊமைன்னே எல்லாரும் நினைச்சாங்க, இப்ப எல்ஐசி ஏஜென்ட், வாய மூட வைக்கத்தான் ஆள் தேடறோம். அது கிடக்கட்டும், எனக்கு நிஜமாவே ஒரு டவுட். படத்த வரிசையா வச்சு பாத்து கதை சொல்ற பழக்கம் நம்ம வீட்டுல எங்க இருக்கு? நம்மகிட்ட கதைன்னா பாட்டி சொல்லுவாங்க, புள்ள “ம்” கொட்டும். புள்ளய சொல்லச் சொல்லி யாரும் கேட்டதே இல்ல. வெளிநாட்டுல தூங்கப்போறதுக்கு முன்னாடி தினம் படப்புக்ஸ் பாத்து வளர்ற புள்ளைங்களுக்கு செஞ்ச டெஸ்ட்ட தூக்கிட்டு வந்து இங்க வச்சா நம்ம புள்ளைங்க முழிக்கத்தானே செய்யும்?

பேச்சுமொழி மதுரை:

திருப்பூர் தங்கச்சிக்கு, நான் 15 வருஷமா பேச்சு மொழி சிகிச்சை வேலையில இருக்கேன். பையன பாக்காம அவனுக்கு இருக்கு இல்லன்னு சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நம்பாதீங்க. ஆனா டெஸ்ட்ட பத்தி சொல்லலாம். குமார் கேட்டதும் சரியான கேள்விதான், அதுக்கு கடைசில வர்றேன்.

பேரு தெரியிறது வேற, கதை சொல்றது வேற. உங்களுக்கு வெங்காயம் நறுக்கத் தெரியும், மாவு கரைக்கத் தெரியும், அடுப்பு பத்த வைக்கத் தெரியும், ஆனா காலைல ஏழரைக்குள்ள நாலு டிபன் பாக்ஸ் கட்டணும்னா அது வேற வேலை இல்லையா, அதே மாதிரிதான். கதை சொல்லும்போது வார்த்தைய தேடணும், வாக்கியம் கட்டணும், எது முன்னாடி எது பின்னாடின்னு வரிசை வேணும், யாருக்கு என்ன ஆச்சுன்னு பிரிச்சு காட்டணும், ஏன்னு சொல்லணும், இதுக்கு மேல எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு இது தெரியாதுங்கறத மனசுல வச்சுக்கணும். எல்லாம் ஒரே நேரத்துல. தனித்தனியா கேட்டா பாஸாகிற பிள்ளைங்க இங்க வந்துதான் தடுமாறுவாங்க.

உங்க பையன் முட்டிக் கதையவே எடுத்துக்கோங்க. “விழுந்துட்டான்”னு சொன்னதுல இலக்கணம் தப்பில்ல, விழுந்தது அந்தப் பையன்தானே. ‘யார்’ங்கறதுதான் விட்டுப்போச்சு. தமிழ்ல எழுவாய விட்டுட்டு வினைமுற்ற மட்டும் சொல்லலாம், நாம எல்லாரும் அப்படித்தான் பேசறோம், ஆனா கேக்கறவங்களுக்கு ஆள் யாருன்னு ஏற்கனவே தெரிஞ்சிருந்தா மட்டும்தான் அது செல்லும். முதல் தடவ ஒரு ஆள கதைக்குள்ள கொண்டுவரும்போது “ஒரு பையன்”, “கூட படிக்கிற அண்ணன்”னு ஏதாச்சும் சொல்லித்தான் கூட்டிட்டு வரணும். மிருகக் கதைல இன்னும் கஷ்டம், பூனையும் “ஓடுச்சு” நாயும் “ஓடுச்சு”. “பூனை நாய் துரத்துச்சு”ன்னா யாரு யாரத் துரத்துச்சு? “பூனைய”ங்கற அந்த சின்ன ஒட்டுதான் எல்லாத்தையும் சொல்லுது. நான் ரெக்கார்டிங் கேக்கும்போது முதல்ல காது வைக்கிறது அங்கதான்.

இது இன்னிக்கு நேத்து வந்த டெஸ்ட்டும் இல்ல. இங்கிலாந்துல டாரதி பிஷப்பும் எட்மண்ட்சனும் மொழியில சிக்கல் இருந்த 87 பிள்ளைங்கள 4 வயசுல பாத்து, அஞ்சரை வயசு வரைக்கும் தொடர்ந்து பாத்தாங்க, 1987ல வெளிவந்துச்சு. அதுல 37 சதவீதம் பிள்ளைங்க அஞ்சரை வயசுல மத்த பிள்ளைங்க மாதிரியே ஆயிட்டாங்க. குமாரோட பெரியம்மா பையன் அந்தக் கூட்டமா இருக்கலாம். மீதிப் பேர் அப்படி ஆகல. யாரு தேறுவா, யாரு தேறமாட்டான்னு 4 வயசுலயே ஊகிக்க எந்த டெஸ்ட் அதிகமா உதவுச்சுன்னு பாத்தா, படத்த பாத்துக்கிட்டே கேட்ட கதைய திரும்பச் சொல்றதுதான். சொல்வளம் இல்ல, உச்சரிப்பு இல்ல, கதை. அதனால உங்க சென்டர் கதை கேட்டது தப்பில்ல. கேட்ட விதத்துலதான் எனக்கு பேச்சு இருக்கு.

எப்படி கேக்கணும்னு சொல்றேன். 2012ல ஐரோப்பாவுல பல மொழிக்காரங்க சேந்து ஒரு முறை கொண்டுவந்தாங்க, மெயின்னு கூப்பிடுவோம், 3 வயசுல இருந்து 10 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு, அதுவும் ரெண்டு மொழி பேசற பிள்ளைங்கள மனசுல வச்சு செஞ்சது. அதுல மூணு கவர வச்சு ஒண்ண எடுத்துக்கோன்னு பிள்ளைகிட்ட சொல்லணும். மூணுக்குள்ளயும் ஒரே கதைதான் இருக்கும், ஆனா பிள்ளைக்கு அது தெரியாது, தான் எடுத்த கதை டெஸ்ட் பண்றவங்களுக்கு தெரியாதுன்னு நினைச்சுக்கும். படத்தயும் பிள்ளை மட்டும்தான் பாக்கும், நாம பாக்கக்கூடாது. ஏன் இத்தன நாடகம்? டேபிள் மேல ரெண்டு பேருக்கும் நடுவுல படத்த விரிச்சு வச்சா, உங்களுக்குத்தான் தெரியுதே நான் ஏன் சொல்லணும்னு கை காட்டிட்டு இறங்கிடுவான். உங்க பையன் செஞ்சது அதேதான், ஒரு வகையில புத்திசாலித்தனம்.

மார்க் எப்படின்னா, எங்கே எப்போங்கறதுக்கு 2, அப்புறம் கதையில மூணு சம்பவம், ஒவ்வொண்ணுலயும் முதல்ல என்ன நினைச்சாங்க, என்ன வேணும்னு கிளம்புனாங்க, என்ன பண்ணாங்க, என்ன முடிஞ்சுது, கடைசில எப்படி இருந்துச்சுன்னு அஞ்சு இடத்துல பாப்போம், மொத்தம் 17. உச்சரிப்புக்கு மார்க் கிடையாது, எந்த மொழியில சொன்னாலும் மார்க் உண்டு. டெஸ்ட் படங்கள இங்க சொல்ல மாட்டேன், சொன்னா நாளைக்கே யூட்யூப் பாத்து பிள்ளைக்கு மனப்பாடம் பண்ண வச்சிடுவீங்க. வேற உதாரணம் தர்றேன். பாப்பா கையில இருந்த பலூன் மரத்துல மாட்டிக்குது, குச்சிய எடுத்து தட்டுறா, எட்டல, அண்ணன் தூக்கிவிடறான். 3 வயசு பிள்ளை “பலூன், மரம், பாப்பா”ன்னு படம் படமா பேரு சொல்லும். அது அந்த வயசுக்கு சரி. 4 வயசுல “பலூன் போயிருச்சு, அப்பறம் பாப்பா குச்சி எடுத்துச்சு, அப்பறம் அண்ணன் வந்தான்”னு அப்பறம் அப்பறம்னு வண்டி ஓடும். அஞ்ச நெருங்க நெருங்க “பலூன எடுக்கலாம்னு குச்சியால தட்டுச்சு, எட்டல, அதனால அண்ணன கூப்பிட்டுச்சு”ன்னு வரும். அந்த “எடுக்கலாம்னு”ல இருக்கற “லாம்னு”தான் எங்களுக்கு தங்கம். அந்த பாப்பா மனசுல என்ன இருந்துச்சுன்னு பிள்ளை புரிஞ்சுக்கிட்டு சொல்லுது.

இங்கதான் சில பேர் கோட்டை விடறாங்க. இங்கிலீஷ் ஸ்கோர் ஷீட்ட வச்சு ‘அண்ட், பட், பிகாஸ்’ எத்தனன்னு எண்ணுவாங்க. தமிழ்ப் பிள்ளை அப்படி கோக்காது, “ஏறி, எடுத்துட்டு, வந்து குடுத்துச்சு”ன்னு வினையெச்சத்துல கோத்துட்டே போகும். எண்ணிக்கை சைபர், ஆனா கோர்வை முழுசா இருக்கும்.

கதை சொல்லி முடிச்சதும் கேள்வி கேட்டாங்களான்னு ரிப்போர்ட்ல பாருங்க. “குச்சிய ஏன் எடுத்தா?” “அண்ணன் வரலன்னா என்ன ஆயிருக்கும்?” வாயால சொல்ல வராத பிள்ளை சில நேரம் கேள்விக்கு சரியா பதில் சொல்லும். கதையே புரியாத பிள்ளைக்கு பதிலும் வராது. ரெண்டும் ஒண்ணு இல்ல, செய்யப்போற பயிற்சியும் ஒண்ணு இல்ல.

எல்லாத்துக்கும் முன்னாடி காது டெஸ்ட். சளி கட்டி நடுக்காதுல நீர் நின்னாலே பாதி காதுல விழாது. அது எடுக்காம குறைபாடுன்னு எழுதுறது எனக்கு சம்மதம் இல்ல.

இப்ப குமாருக்கு. நீங்க சொல்றது நாங்களும் பாக்கறதுதான். பழக்கம் இல்லாததாலயா, இல்ல கத்துக்கறதுலயே சிக்கலான்னு பிரிக்க ஒரு வழி இருக்கு. ஒரு தடவ கதை கேட்டுட்டு, கொஞ்ச நேரம் உக்காந்து யாரு, எங்க, ஏன்னு சொல்லிக்குடுத்து, வேற கதையில மறுபடி சோதிக்கறது. எலிசபெத் பென்யா, ரொனால்ட் கில்லம் இவங்கல்லாம் அமெரிக்காவுல பல இனத்து பிள்ளைங்ககிட்ட, ஒண்ணாவது ரெண்டாவது படிக்கறவங்க, இத செஞ்சு 2006ல எழுதுனாங்க. பழக்கம் மட்டும் இல்லாத பிள்ளை சொல்லிக்குடுத்ததும் கப்புனு பிடிச்சுக்கும். மொழிச்சிக்கல் உள்ள பிள்ளைக்கு எவ்வளவு எடுத்துக்குடுத்தாலும் நகர்றது கொஞ்சம்தான். முதல் நாள் மார்க்க விட, எவ்வளவு சீக்கிரம் கத்துக்குதுங்கறத நான் அதிகம் நம்புவேன்.

யூகேஜி மிஸ் தஞ்சாவூர்:

மேடம் சொன்ன உச்சரிப்பு விஷயத்துக்கு என் கிளாஸ்ல இருந்தே உதாரணம் இருக்கு, எழுதாம இருக்க முடியல. போன வருஷம் ஒரு பாப்பாவுக்கு க வராது, ட வராது, ர வராது, ச்ச வராது. பாட்டி வடை சுட்ட கதை சொல்லச் சொன்னா எழுந்து நின்னு “ஒது பாத்தி வதை சுத்தாந்த, ஒது தாத்தா வந்து வதைய தூத்தித்து போத்து”ன்னு ஆரம்பிச்சா. கிளாஸே சிரிக்குது, தாத்தா வடைய திருடிட்டாருன்னு. ஆனா அந்தப் பாப்பா அசரல. நரி வந்துச்சு, வடை மேல ஆசை, ஏமாத்தி வாங்கலாம்னு பாடச் சொல்லுச்சு, காக்கா வாயத் தொறந்துச்சு, வடை விழுந்துச்சு, காக்கா “அய்யோன்னு பாத்துச்சு”ன்னு முடிச்சா. எனக்கு அப்ப ஒண்ணும் தோணல, அவளத்தான் ஸ்பீச் தெரபிக்கு அனுப்பணும்னு அவங்கம்மாகிட்ட சொன்னேன், அனுப்புனதும் தப்பில்ல, ஒலி சரியாச்சு.

நான் தவற விட்டது அவ பக்கத்துல உக்காந்திருந்த பையன. பளிச்சுனு பேசுவான், ஒரு எழுத்து பிசகாது, அதே வடை கதைய பாட்டி சொல்ற ராகத்தோட ஒப்பிச்சு கைதட்டு வாங்குவான், ஆண்டு விழாவுல மைக் குடுத்ததே அவனுக்குத்தான். ஒரு நாள் விளையாட்டா நான் கதைய மாத்தி, காக்கா முறுக்கு எடுத்துட்டு போச்சு, நரிக்கு பதிலா குரங்கு வந்துச்சுன்னு ஆரம்பிச்சு மீதிய நீ சொல்லுடான்னேன். நின்னுட்டான். “வடை மிஸ்”ங்கறான். சரி வடையே இருக்கட்டும், நரி ஏன் பாடச் சொல்லுச்சுன்னா “பாட்டு பிடிக்கும்”ங்கறான். இதே பதில் நாலு வயசு பிள்ளைங்க நிறைய பேர் சொல்லுவாங்க, ஏமாத்தறதுங்கறது அந்த வயசுல அவ்வளவு சுலபமா பிடிபடாது, ஆனா இவனுக்கு ஆறு ஆகப்போகுது. அப்புறம் கவனிச்சு பாத்தா சண்டை வந்தா யார் அடிச்சா, யார் முதல்ல ஆரம்பிச்சான்னு ஒரு நாளும் இவனால சொல்ல முடியாது, அதனால எப்பவும் தண்டனை இவனுக்கே விழும். இத நினைச்சா இப்பவும் கஷ்டமா இருக்கு. அதனால மனப்பாடக் கதைய வச்சு மட்டும் யாரையும் எடை போடாதீங்க, நான் போட்டேன்.

ஸ்கார்பரோ அம்மா:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப 11 வருசமா கனடாவில, ஸ்கார்பரோவில இருக்கிறன். எங்கட ஊரில பேசுறதுக்கே கதைக்கிறது எண்டுதான் சொல்லுறது, அதால இந்தத் திரியின்ர தலைப்பைப் பாத்தோடன சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.

என்ர மகள் நாலு வயசில ஜூனியர் கிண்டர்கார்டன் போகேக்க வீட்டில தமிழ் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில படத்தைக் காட்டி இங்கிலிசில கேட்டிருக்கினம், பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை, உடன “மொழிப் பிரச்சினை இருக்கலாம்” எண்டு கடிதம் வந்திட்டுது. நான் விடேல்லை. தமிழில கேளுங்கோ எண்டு நிண்டன். மொழிபெயர்க்கிற ஒரு ஆளை வச்சு திரும்பச் செய்தவை. இங்க எட்மன்டனில செய்த படக்கதைகள் இருக்கு, ஒட்டகச்சிவிங்கியும் யானையும் வாற கதைகள், 4 வயசில இருந்து 9 வயசுப் பிள்ளையளுக்கு, அதைத்தான் பாவிச்சவை. பிள்ளை தமிழில அம்மம்மா மாதிரியே கையைக் காலை ஆட்டி “அவ என்ன செய்தவ தெரியுமோ, எட்டிப் பாத்தவ, பயந்து போனவ” எண்டு முழுக்கச் சொல்லி முடிச்சிட்டாள். யார், எங்க, ஏன் எல்லாம் இருந்தது. இங்கிலிசில சொல்லுகள் இல்லை, அவ்வளவுதான். ஒரு வருசத்தில அதுவும் வந்திட்டுது.

ஆனா மற்றப் பக்கத்தையும் சொல்லோணும். என்ர தம்பியின்ர மகனுக்கும் நாங்கள் எல்லாரும் “ரெண்டு மொழி எண்டபடியால்தான், போகப்போகச் சரியாகும்” எண்டே சொல்லிக்கொண்டிருந்தம். அவனுக்கு தமிழிலயும் அதே மாதிரித்தான், ஆரு எண்டு விளங்காது, அந்தரத்தில விட்டிடுவான். ரெண்டு பக்கமும் ஒரே இடத்தில ஓட்டை இருந்தா அது மொழி மாறின குழப்பம் இல்லை எண்டு பிறகுதான் எங்களுக்கு விளங்கினது, அதுக்குள்ள ஒண்டரை வருசம் போச்சு. ரெண்டு மொழி பழகிறதால இந்தக் குறைபாடு வாறேல்லை. இருக்கிற பிள்ளைக்கு ரெண்டு மொழியிலயும் தெரியும், இல்லாத பிள்ளைக்கு பழகாத மொழியில மட்டும் தடக்கும். அதால தங்கச்சி, முதல்ல தமிழில செய்யச் சொல்லிக் கேளுங்கோ.

பேச்சுமொழி மதுரை:

ஸ்கார்பரோ அக்கா சொன்னதத்தான் நானும் எழுத நினைச்சேன். பிள்ளைக்கு ரெண்டு மொழியும் ஓரளவு தெரிஞ்சா, கதையோட எலும்புக்கூடு ரெண்டுலயும் பெரும்பாலும் ஒரே மாதிரி நிக்கும், சதைதான் மாறும், அதாவது வார்த்தையும் விகுதியும்.

தங்கச்சி, அடுத்த அப்பாயின்ட்மெண்ட் கிடைக்கறதுக்குள்ள வீட்ல ஒண்ணு செஞ்சு பாருங்க. “ஸ்கூல்ல என்ன நடந்துச்சு”ன்னு கேக்கறத நிறுத்துங்க, அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் பதில் சொல்லாது, என் பொண்ணு காலேஜ் போறா, அவளும் “ஒண்ணுமில்ல”தான். அதுக்கு பதிலா உங்களுக்கு நடந்த சின்ன விஷயம் ஒண்ண முதல்ல நீங்க சொல்லுங்க, தோசைக்கல்லுல கை சுட்டுக்கிட்டது, குளவி கொட்டுனது மாதிரி. சொல்லிட்டு “உனக்கு அப்படி ஏதாச்சும் ஆயிருக்கா?”ன்னு கேட்டுட்டு வாய மூடிக்கோங்க. “ம்”, “அப்படியா”, “அப்புறம்”, இல்லன்னா அவன் கடைசியா சொன்ன வார்த்தையவே திரும்பச் சொல்றது, இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். இது பீட்டர்சன், மெக்கேப்னு ரெண்டு பேர் 1980கள்ல பிரபலப்படுத்துன முறை, செலவு ஒண்ணும் இல்ல. போன்ல ரெக்கார்ட் பண்ணி, அவன் சொன்னத சொன்ன மாதிரியே எழுதுங்க. திருத்தி எழுதாதீங்க, அம்மாக்கள் எல்லாரும் கை அரிச்சு திருத்திடுவாங்க.

பிரைவேட்ல பணம் கட்டறதுக்கு முன்னாடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில டிஇஐசின்னு ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கும், காதும் பாப்பாங்க, பேச்சும் பாப்பாங்க, காசு இல்ல. சென்னை பக்கம் போக முடிஞ்சா முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கு. எங்க போனாலும் பாக்கறவங்களுக்கு ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வுக் குழுமத்தோட பதிவு எண் இருக்கான்னு கேளுங்க, கேக்கறதுல வெக்கம் வேண்டாம்.

கடைசிபெஞ்ச் குமார்:

மேடம் அந்த குளவி மேட்டர என் பொண்ணுகிட்ட ட்ரை பண்ணேன், நாலு வயசு. 11 நிமிஷம் பேசுனா. அதுல நான் பைக்ல இருந்து விழுந்தத வீட்ல சொல்லக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன், அதையும் சொல்லிட்டா. பொண்டாட்டி பக்கத்து ரூம்ல. நன்றி.

திருப்பூர்க்காரி:

மூணு வாரம் ஆச்சு, பதில் எழுதுன எல்லாருக்கும் நன்றிங்க. குமார் தம்பிக்கும்தான்.

மெடிக்கல் காலேஜ்ல காது பாத்தாங்க, ரெண்டு காதும் நல்லா இருக்குன்னுட்டாங்க. அங்க இருந்த மேடம் தமிழ்லயே கதை கேட்டாங்க, கவர் வச்சு, படத்த அவங்க பக்கம் திருப்பாம. இவன் எழுந்திரிக்காம உக்காந்து சொன்னான், அதுவே எனக்கு ஆச்சரியம். பேரு மட்டும் சொல்லல, வாக்கியமா வந்துச்சு. ஆனா எல்லாமே “அப்பறம்”தான், ஏன்ங்கறது ஒரு இடத்துலயும் வரல. கேள்வி கேட்டப்ப பாதிக்கு மேல சரியா சொன்னான். புரியிறது பரவால்ல, சொல்றதுலதான் இடிக்குதுன்னு சொன்னாங்க. குறைபாடுன்னு பேரு எதுவும் இப்ப எழுத வேண்டாம், சொல்லிக்குடுத்து மறுபடி பாக்கலாம், வாரம் ஒரு நாள் வாங்க போதும்னாங்க.

வீட்ல எடுத்த ரெக்கார்டிங்க எழுதிருக்கேன், திருத்தலைங்க, சத்தியமா. நான் தோசைக்கல்லுல சுட்டுக்கிட்ட கதை சொல்லிட்டு கேட்டேன்:

“எனக்கு... எனக்கு சுட்டுச்சு. தாத்தா கடைக்கு போனோம். டீ. இப்படி வச்சாங்க. நான் இப்படி பண்ணேன். கொட்டிருச்சு. தாத்தா இல்ல. அவன் திட்டுனான். அப்பறம் பன்னு குடுத்தாங்க.”

இதுல “அவன்” யாருன்னு எனக்கு அன்னிக்கும் தெரியல, இன்னிக்கும் தெரியல. மாமனார்கிட்ட கேட்டா டீக்கடைக்காரர்ங்கறார், இவன்கிட்ட கேட்டா “அவன்தான்”ங்கறான். மாமியார் இத கேட்டுட்டு, பேரன டீக்கடைக்கு கூட்டிட்டு போனது இப்பத்தான் தெரியுதுன்னு மாமனார புடிச்சுக்கிட்டாங்க, அது தனிக் கதை. ஆனா அதுல இருந்து அவங்களே ராத்திரி கதை சொல்லிட்டு நடுவுல நிறுத்தி “யாரு சாமி? ஏன் சாமி?”ன்னு கேக்கறாங்க. அத அப்படி கேக்கலாமா, இல்ல புள்ளய மிரட்டுன மாதிரி ஆயிருமா?

பேச்சுமொழி மதுரை:

அருமையா எழுதிருக்கீங்க. “தாத்தா இல்ல”ன்னு ஒண்ணு சொல்லிருக்கான் பாத்தீங்களா, என்னன்னு நினைக்கறீங்க? நீங்க தாத்தாதான் திட்டுனார்னு நினைச்சுக்கக்கூடாதுன்னு அவனே தடுத்திருக்கலாம், இல்ல தாத்தா அப்ப பக்கத்துல இல்லன்னும் இருக்கலாம். முதலாவதா இருந்தா, கேக்கறவங்க மனசுல என்ன ஓடும்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டான்னு அர்த்தம். அடுத்த தடவ போறப்ப அந்த மேடம்கிட்ட இந்த வரிய மட்டும் காட்டுங்க.

பாட்டி கேக்கறது நல்லதுதான், ஆனா கேள்வி ஒண்ணு கேட்டா அடுத்தது பதிலா இருக்கட்டும். அவன் “அவன்”னு நிறுத்துனா, “ஓ, டீக்கடைக்காரரு திட்டுனாரா”ன்னு பாட்டியே ஆள கூட்டிட்டு வந்து நிறுத்தட்டும். பாட்டி அப்படி சொல்றது பத்து தடவ அவன் காதுல விழுந்தா பதினோராவது தடவ அவனே கூட்டிட்டு வருவான். ஒரு ராத்திரிக்கு ரெண்டு மூணு கேள்விக்கு மேல வேண்டாம், கதை பரிட்சையாயிரும்.

ரெக்கார்டிங்க அழிச்சிடாதீங்க, போன் மெமரி ஃபுல்லுன்னு வீட்டுக்காரர் அழிச்சிடுவார், தேதி போட்டு வேற எங்கயாச்சும் ஏத்தி வைங்க. ஆறு மாசம் கழிச்சு அதே மாதிரி ஒரு கதை சொல்லி மறுபடி ஒண்ணு எடுங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கணும். அப்புறம் தஞ்சாவூர் மிஸ், உங்க அந்தப் பையன் இப்ப ஒண்ணாவதுல இருப்பான் இல்ல? அவனோட மிஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சீங்களா?

யூகேஜி மிஸ் தஞ்சாவூர்:

சொல்லிட்டேன் மேடம், போன வாரம். அவங்கம்மாகிட்டயும் பேசிட்டேன். நல்லா பேசற பையனுக்கு என்ன டெஸ்ட்டுன்னு கேட்டாங்க. இந்தத் திரிய அப்படியே அனுப்பி வச்சிருக்கேன்.